காற்றின் மாசை மரப்பட்டையில் படித்த நைலாண்டர்

அம்மா பிரியாணிக்குத் தாளிக்கும்போது பட்டை, கிராம்புடன் கருமை படர்ந்த ஒரு சருகையும் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கல்பாசி என்கிறோம். உண்மையில் அது பாசியன்று. லைக்கன் என்னும் உயிர். இத்தகைய எளிய உயிரைக் கொண்டு ஒரு மாநகரின் காற்றையே எடை போட்டவர் வில்லியம் நைலாண்டர்.

அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த பின்லாந்தில், ஊலு என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் இவர் பிறந்தார். மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். ஆயினும் மனம் எறும்புகளையும் லைக்கன்களையும் நாடியது. 1857இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1863இல் பதவியைத் துறந்து பாரிஸ் சென்று, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

லைக்கன் மீது பொட்டாஷ் கரைசலையோ சலவைத்தூள் கரைசலையோ ஒரு துளி விட்டு, நிறம் மாறுவதைக் கண்டு இனத்தை அறியும் முறையை இவர் புகுத்தினார். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர்தான் அது என்று அறிந்து நாங்கள் வியந்தோம்! இன்றும் ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாள்கின்றனர்.

பாரிஸில் நிலக்கரிப் புகை மண்டிய காலம் அது. நகரத்து மரங்களில் லைக்கன்கள் அருகியிருக்க, லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் 30க்கும் மேற்பட்ட இனங்கள் செழித்திருந்தன. லைக்கன்கள் காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோல் என்று 1866இல் நைலாண்டர் எழுதினார். லைக்கனுக்கு வேர் இல்லை. காற்றும் மழையும் கொண்டுவருவதையே அது உண்கிறது. நஞ்சு வந்தாலும் தடுக்க வழியில்லை.

ஆனால் இவரிடம் பிடிவாதமும் இருந்தது. லைக்கன் ஓர் உயிரன்று, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம் என்று சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டெனர் 1867இல் அறிவித்தார். நைலாண்டர் சாகும்வரை இதை ஏற்கவில்லை. சக அறிஞர்களோடு பிணங்கித் தனிமைப்பட்டார். இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்றுக் கோபமே வந்தது. ஏனெனில், நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு முக்கியமாகத் தாக்குவது அந்தப் பாசியின் பச்சையத்தைத்தான். பாசி நலிந்தால் பூஞ்சைக்கு உணவில்லை. தாம் கண்ட உண்மைக்குரிய காரணத்தையே அவர் மறுத்துவிட்டார்!

1896இல் அவர் மீண்டும் எழுதியபோது, பூங்காவின் லைக்கன்கள் மறைந்திருந்தன. 1899 மார்ச் 29இல் பாரிஸில் அவரும் மறைந்தார்.

பின்வந்தோர் அவர் வழியை விரிவாக்கினர். ஆலைப் புகைபோக்கியிலிருந்து வெளிநோக்கி நடந்து, மரத்துக்கு மரம் லைக்கன்களை எண்ணுவார்கள். மொட்டை மரங்கள் சூழ்ந்த இடத்தின் நடுவே மாசின் பிறப்பிடம் இருக்கும். லைக்கனில் சேர்ந்துள்ள ஈயம் முதலிய உலோகங்களைச் சோதித்தும் அதைத் தேடுவர். 1970இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும், எந்த லைக்கன் இருந்தால் காற்றில் எவ்வளவு கந்தக டை ஆக்சைடு என்று காட்டும் அட்டவணையை வெளியிட்டனர்.

பாரிஸில் நிலக்கரிப் புகை குறைந்தது. லக்சம்பர்க் பூங்கா மரங்களில் லைக்கன்கள் மீண்டும் குடியேறியதை 1991இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.