காவலாளிக்கும் ஒரு சிலை

பொம்மை வீரர்களுக்குக் களிமண்ணில் குட்டித் தலை செய்து வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. யார் முகத்தைச் செய்வது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

1899இல் வங்காளத்தில் பிறந்தவர்; அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். தலைவர்கள் பலரின் முகங்களை வடித்தார். ஆயினும் 1959இல் மெரினாவில் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. பாறையைப் பெயர்க்கும் நான்கு தொழிலாளர்கள்! மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அப்பள்ளியின் காவலாளி.

1975இல் அவர் மறைந்தார். இதுவரை சினிமா நாயகர்களையே செய்துவந்த நான், இப்போது ஜாசின் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தாவின் முகத்தைச் செய்துகொண்டிருக்கிறேன்.