முப்புரிக் கயிற்றைக் கண்ட பேராசிரியர்

கடலில் மிதக்கும் சொறி மீனுக்கு எலும்பு கிடையாது. கடற்பஞ்சுக்கும் கடல் அட்டைக்கும் முதுகெலும்பு இல்லை. ஆயினும் அவற்றின் உடல் அலையில் கரைந்து போவதில்லை. ஏன்?

கொலாஜன் என்னும் புரதம் அந்த உடல்களைக் கட்டிக் காக்கிறது. நம்முடைய தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருப்பது இதே இனப் புரதம்தான்.

அதன் அமைப்பைச் சென்னையில் இருந்தே கண்டு சொன்னவர் ஜி. என். ராமச்சந்திரன்.

ராமனின் மாணவர்

1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். பிறகு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சாரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சர் சி. வி. ராமன் அவரைப் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். அப்போது வயது ஏறக்குறைய 30!

கங்காரு வால்

சென்னை வந்த இங்கிலாந்து விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். ராமச்சந்திரன் அதையே எடுத்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் பிடித்தார். கோபிநாத் கர்த்தா துணை நின்றார்.

கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்தது என்று 1954-ல் இருவரும் அறிவித்தார்கள். அவை கயிறு போல முறுக்கியிருப்பதை 1955-ல் விளக்கினார்கள்.

ஒவ்வோர் இழையும் ஒரு மணி மாலை. அதில் மூன்றாவது மணிதோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய மணி. மூன்று இழைகளும் நெருங்கும் நடுவிடத்தில் சிறிய மணிதான் அடங்கும்.

இந்த முறுக்கு கங்காருவுக்கு மட்டும் உரியதல்ல. கடற்பஞ்சு முதல் மனிதன் வரை கொலாஜனின் அடையாளமே இதுதான்.

எதிர்ப்பும் பதிலும்

கேம்பிரிட்ஜில் கிரிக், ரிச் என்ற இரு விஞ்ஞானிகள் குறை கண்டார்கள். மூன்று இழை என்பது சரி; ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றார்கள். அவர்கள் சொன்ன திருத்தம் பெரும்பாலும் ஏற்கப்பட்டது.

ராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ஆராயத் தொடங்கினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரத இழை எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று அது காட்டியது. எந்தப் புரதத்துக்கும் அது பொருந்தியது.

2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டவர்கள், அது சரிதானா என்று இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.