அண்டிரிக் அடிகளார்

பொதியமலையிற் பிறந்து, நெல்லைச் சீமையை வளஞ்செய்து கடலொடு கலக்கும் பொருநையாறு, தன் கழிமுகத்தில் பல துறைமுகங்களைக் கண்டது. பாண்டியர் காலத்தில் முத்து வாணிகத்தாற் பேர்பெற்ற கொற்கை அவற்றுள் ஒன்று. ஆறு கொணர்ந்த மண்ணாற் கடல் விலகவே, வாணிகமும் விலகிக் காயலை அடைந்தது; அதன்பின் புன்னைக்காயல் சிறப்பெய்தியது. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ள அவ்வூரே, தமிழ் அச்சின் தந்தை எனப் போற்றப்பெறும் அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த இடமாகும்.

போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரில் 1520 ஆம் ஆண்டில் அடிகளார் பிறந்தார். என்றிக்கே என்றிக்கஸ் என்பது அவர்தம் இயற்பெயர். துறவறம் பூண விழைந்த அவர் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். ஆயின், அவர்தம் முன்னோர் யூத மரபினர் என்பது காரணமாக, அச்சபையினின்றும் விலக நேர்ந்தது. பிறப்பினால் வந்த இத்தடை கண்டு அவர் மனந்தளர்ந்தாரல்லர். கொயிம்பிரா நகரிற் கல்வி பயின்று, 1545 இல் இயேசு சபையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டே கோவா வந்தடைந்தார். பின்னர்ச் சவேரியார் முன்பு தொண்டாற்றிய முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்றார்.

சமயம் போதிக்க வந்த அடிகளார் முதற்கண் மாணவராதல் வேண்டியதாயிற்று. தமிழ் அறியாத குருமார் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்த காலம் அது. தாம் கூறியது ஒன்றாக, மக்கள் கேட்டது பிறிதொன்றாகும் இடர் அதனால் நேர்ந்தது. அதனைப் போக்கக் கருதிய அடிகளார் இரவும் பகலும் தமிழ் பயின்றார். தொல்காப்பியமும் நன்னூலும் தமிழுக்கு உண்டெனினும், அவை தமிழ் அறிந்தார் மேலும் கற்றற்குரியன. மொழியே அறியாத அயல்நாட்டார்க்கு எளியன அல்ல. ஆதலின் அடிகளார் கடற்கரை மக்களின் பேச்சைக் கூர்ந்து நோக்கி, பெயர் வேற்றுமை ஏற்குமாற்றையும் வினை காலங்காட்டுமாற்றையும் இலத்தீன் இலக்கண முறையில் வகுத்துப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் ஒன்று இயற்றினார். தம் உச்சரிப்பில் குறையுண்டு என்பதை உணர்ந்து, கோவிலில் தாம் தமிழிற் பேசியதை மற்றொருவரைக்கொண்டு மீண்டும் தமிழிலேயே சொல்வித்தார். பிழைக்கு நாணிக் கற்றலைக் கைவிடாமையே அவர்தம் சிறப்பு.

1549 இல் வேதாளையில் நிகழ்ந்த பூசலில் தலைவர் கிரிமினாலி அடிகளார் உயிர்துறந்தார். அவர்க்குப்பின் தலைமையேற்ற அண்டிரிக் அடிகளார், உடனுறை குருமாரும் தமக்குள் தமிழிலேயே உரையாடல் வேண்டும் எனவும், தவறினார் தண்டனை ஏற்றல் வேண்டும் எனவும் வரையறுத்தார்.

1554 இல் லிசுபன் நகரில் தமிழ்ச்சொற்கள் ஒரு நூலில் அச்சேறியிருந்தன. ஆயினும் அவை உரோமன் எழுத்திலேயே அமைந்தன. தமிழர் தம் எழுத்திலேயே அச்சுநூல் காணல் வேண்டும் என அடிகளார் விழைந்தார். அஃது எளிய செயலன்று. உரோமன் எழுத்துகள் சிலவே. தமிழிலோ உயிர்மெய் வடிவங்கள் மிகப் பல. ஒவ்வொரு வடிவத்தையும் உலோகத்தில் வார்த்தல் வேண்டும். கொன்சால்வஸ் என்பார் 1577 இல் கோவாவிலும், பாரியா என்பார் 1578 இல் கொல்லத்திலும் எழுத்து வார்த்தனர். மொழிபெயர்ப்பில் மானுவேல் தெ சான் பெத்ரோ என்னும் குரு துணைநின்றார். முத்துக்குளித்துறை மக்கள் பொருளுதவி புரிந்தனர். சீன நாட்டுத் தாள் வந்தது. இவ்வாறு பன்னாட்டார் முயற்சியும் ஒன்றுகூட, 1578 அக்டோபர் 20 ஆம் நாள், 16 பக்கங்கொண்ட தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய மொழியொன்று தன் எழுத்திலேயே அச்சேறிய முதல் நூல்களுள் தலையாயது அதுவே. அந்நாளைய ஓலை வழக்கையொட்டி மெய்யெழுத்துகள் அதிற் புள்ளியின்றியே நின்றன. கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்த இருவகை எழுத்தின் மாதிரியும் அதன் இறுதியிற் காணப்பெறும். 1579 இல் கிரிசித்தியானி வணக்கம் கொச்சியிலும், 1586 இல் அடியார் வரலாறு என்னும் பெருநூலும் அச்சாயின.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்மண்ணில் வாழ்ந்த அடிகளார் 1600 இல் புன்னைக்காயலில் மறைந்தார், தூத்துக்குடியில் அடக்கஞ்செய்யப்பெற்றார். பிறருக்கு நூல் அச்சிட்டளித்த அவர்தம் இலக்கணமோ அச்சேறாமல், கையெழுத்துப்படியாகவே லிசுபன் நூலகத்திற் கிடந்தது. 1982 இல் அது பதிப்பிக்கப்பெற்றது. 2013 இல் தமிழறிஞர் வி. எஸ். ராஜம் அம்மையாரும் ஜீன் ஹைன் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தம்பிரான் வணக்கத்தின் படியொன்று அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்திற் பேணப்பெறுகிறது.

பிறப்பைக் காட்டி ஒரு வாயில் அடிகளார்க்கு அடைக்கப்பட்டது. தமிழ் அவர்தம் பிறப்பை வினவவில்லை. உழைப்பை மட்டுமே வேண்டியது. அதனை அவர் குறைவறத் தந்தார். மொழி கற்பார் எவர்க்கும் அவர்தம் வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.