டென்னிஸ் வீராங்கனை ஆல்தியா கிப்சன்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சில்வர் என்னும் சிற்றூரில், பருத்தி நிலத்தை வாரத்திற்கு உழுத கறுப்பினக் குடும்பமொன்றில் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் பிறந்தவர் ஆல்தியா கிப்சன் அம்மையார். அவர் குழந்தையாயிருந்தபோதே பெற்றோர் பிழைப்பு நாடி நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் குடியேறினர்.

பள்ளியில் சிறுமியின் மனம் ஒன்றவில்லை. வகுப்புக்குச் செல்லாமல் ஊர் சுற்றுவார். தந்தையிடம் அடி வாங்குவார். இடையிலேயே படிப்பும் நின்றது. ஆயினும், தெருவை மறித்துச் சிறுவர்க்கென நடத்தப்பட்ட மரமட்டை டென்னிஸில் 1939இல் நகர வெற்றியாளரானார். அக்கம்பக்கத்தார் தம்முள் பணம் திரட்டி, கறுப்பினத்தார் நடத்திய காஸ்மோபாலிடன் டென்னிஸ் கழகத்தில் அவரைச் சேர்த்தனர். அங்கே பயிற்றுவித்த பிரெட் ஜான்சன் ஒரு கையை இழந்தவர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும்.

1946இல் ஈட்டன், ஜான்சன் என்னும் இரு கறுப்பின மருத்துவர்கள் அவரது ஆட்டத்தைக் கண்டனர். பள்ளி நாள்களில் வில்மிங்டனில் ஈட்டன் இல்லத்திலும், கோடையில் லிஞ்ச்பர்க்கில் ஜான்சன் இல்லத்திலும் தங்குதல் வேண்டும். பயிற்சியோடு படிப்பையும் முடித்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. பத்தொன்பது வயதில், தம்மினும் இளையோருடன் மீண்டும் உயர்நிலைப்பள்ளி வகுப்பில் அமர்ந்தார். கோப்பைகளை வென்றதினும் இதுவே அரிய செயல் என்பது, வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நம் கருத்து. 1949இல் பள்ளியிறுதியும், 1953இல் புளோரிடாவில் பட்டமும் பெற்றார்.

கறுப்பினத்தார் தமக்கென நடத்திய தேசியப் போட்டியில் 1947 முதல் 1956 வரை பத்தாண்டுகள் தொடர்ந்து அவரே வென்றார். ஆனால் வெள்ளையர் ஆடிய அமெரிக்க தேசியப் போட்டிக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. தடை எழுத்தில் இல்லை. தகுதிப் போட்டிகள் நடந்த கழகங்களின் கதவுகள்தாம் மூடியிருந்தன. முன்னாள் வெற்றியாளரான ஆலிஸ் மார்பிள் என்னும் வெள்ளைப் பெண்மணி 1950இல் ஓர் இதழில் இதனைக் கண்டித்தெழுதிய பின்னரே வழி பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் திடலில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் வெற்றியாளர் லூயிஸ் பிரௌவை 1-6, 6-3, 7-6 என முந்தியிருந்த வேளையில் இடிமழை குறுக்கிட்டது. மறுநாள் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.

பின்னர் ஆறாண்டுகள் காத்திருந்தார். 1956இல் பிரெஞ்சுப் பட்டம்; 1957இல் டார்லீன் ஹார்டை 6-3, 6-2 என வென்று விம்பிள்டன் பட்டம். எலிசபெத் அரசியார் தம் கையாலேயே பரிசளித்தார். அதே ஆண்டு, முன்னர்த் தம்மை வென்ற பிரௌவையே தோற்கடித்து அமெரிக்கப் பட்டமும் கொண்டார். 1958இல் அவ்விரண்டையும் மீண்டும் வென்றார்.

அந்நாளில் வெற்றியாளர்க்குக் கோப்பையுண்டு, பணமில்லை. ஆகவே 1958க்குப் பின் காட்சியாட்டம் ஆடினார்; பாடினார்; திரைப்படத்திலும் நடித்தார். 1964இல் பெண்கள் தொழில்முறைக் கோல்ஃப் சுற்றில் முதல் கறுப்பினத்தவராய்ச் சேர்ந்தார். எதிலும் பொருள் சேரவில்லை. முதுமையில் நோயும் வறுமையும் வாட்டின. 1956இல் விம்பிள்டன் இரட்டையரில் தம்முடன் வென்ற ஆங்கிலேய யூதப் பெண்மணி ஏஞ்சலா பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்துத் தம் நிலையைக் கூறினார். பக்ஸ்டன் முயற்சியால் டென்னிஸ் அன்பர்கள் பல நாடுகளினின்றும் பணம் அனுப்பினர். மருந்துக்கும் வாடகைக்கும் வழி பிறந்தது. 2003 செப்டம்பர் 28இல் நியூ ஜெர்சியில் அம்மையார் காலமானார்.