அம்மைப்பால் தந்த அரசி

நம் பாட்டிமார் சிலரின் மேற்கையில் காசளவுக்கு ஒரு தழும்பு இருக்கும். அது அம்மை குத்திய தழும்பு. முன்னாளில் வேறு சிலருக்கு முகமெல்லாம் குழிகள் இருந்தன. அவை பெரியம்மை தாமே இட்டுச் சென்ற குழிகள். பெரியம்மை மீண்டும் அணுகாமல் காப்பது என்ற அளவில் இரண்டு தழும்புகளும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஆனால் அவற்றுக்கு மனிதர் கொடுத்த விலை ஒன்றா?

2020இல் கொரோனா பரவியபோது இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. நோய் வந்து போனாலே உடம்பில் எதிர்ப்பு உண்டாகிவிடுமே, ஊசி எதற்கு என்று கேட்டவர் நம் ஊர்களிலும் உண்டு. இருநூறு ஆண்டுகட்கு முன் இக்கேள்விக்குத் தம் குடும்பத்தையே முன்னிறுத்தி விடை தந்தவர் அரசி கௌரி லட்சுமி பாய். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் பகுதிகள் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த காலம் அது.

1791இல் பிறந்த அம்மையார், 1810இல் பாலராம வர்மா மறைந்தபின் அரியணை ஏறினார். அப்போது வயது இருபதை ஒட்டியிருக்கும். நாடு நல்ல நிலையில் இல்லை. நம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809இல் ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து உயிர் துறந்திருந்தார். மாவேலிக்கரை கேரள வர்மா என்பவர் அரியணைக்கு உரிமை கோரினார். ஆங்கில ரெசிடெண்டு கர்னல் மன்றோவின் துணையுடன் அரசி அதைக் கடந்தார். 1811 முதல் 1814 வரை மன்றோவே திவானாகவும் இருந்தார். பத்மநாபபுரம் உள்ளிட்ட ஐந்து இடங்களில் நீதிமன்றங்கள் அமைந்தது இவர் ஆட்சியில்தான். 1812இல் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையடிமைகளுக்கு அத்தடை பயன்படவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

இனி அம்மைக்கு வருவோம். பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூவர் அளவில் இறந்தனர். பிழைத்தவர் பலர் கண்ணொளி இழந்தனர். ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வருவது மிக அரிது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வேப்பிலை கட்டி, முத்தாரம்மனை வேண்டி, வீட்டை ஒதுக்கி வைத்த நாளில் நோயாளியின் அருகிருந்து பணிவிடை செய்ய ஏற்றவர் முன்பே அம்மை கண்டவரே. இயற்கை எதிர்ப்பாற்றலைப் பற்றிய அறிவு இதுதான். இதில் ஐயத்திற்கு இடமில்லை. அந்த எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. ஆனால் அதைப் பெற முதலில் நோயைப் பிழைத்தாக வேண்டுமே!

1796இல் இங்கிலாந்து மருத்துவர் ஜென்னர் கண்ட வழி வேறு. பசுக்களுக்கு வரும் இலேசான அம்மையின் நீரைக் கையில் கீறிச் செலுத்தினால் அவ்விடத்தில் ஒரு கொப்புளம் தோன்றும், சிறிது காய்ச்சல் வரும், அவ்வளவே. பசுவம்மைக் கிருமியும் பெரியம்மைக் கிருமியும் நெருங்கிய உறவுடையவை. ஆகவே ஒன்றை எதிர்த்துப் பழகிய இரத்த அணுக்கள் மற்றொன்றையும் அடையாளம் காண்கின்றன. எதிர்ப்பொருள்கள் சுரக்கின்றன. நினைவணுக்கள் உடலில் தங்கி, மெய்யான பகைவன் வரும்போது விரைந்து எழுகின்றன. நோயில் பிழைத்தவர் உடலிலும் நடப்பது இதுவே. ஊசியின் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். மீண்டும் குத்திக்கொள்ள வேண்டும். அது உண்மையான குறை. எனினும் மரணத்தின் வாயிலில் நின்று பெறவேண்டிய காப்பை ஒரு கொப்புளத்தின் செலவில் பெறலாம்.

1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இந்தியாவின் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது. குளிர்பெட்டி இல்லாத காலமாதலால், எட்டாம் நாள் அளவில் ஒரு குழந்தையின் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவர். இப்படிக் கைமாறிக் கைமாறி அது சென்னைக்கும் வந்தது. தடை எங்கே எழுந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? யாருடைய குழந்தையின் கொப்புளத்து நீர் யாருடைய கையில் ஏறுவது என்று சாதி குறுக்கே நின்றது. அம்மனின் சினத்திற்கு ஆளாவோமோ என்ற அச்சமும் இருந்தது.

1813இல் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் துறை தொடங்கியது. மக்களின் அச்சத்தைப் போக்க, முதலில் அரச குடும்பத்தினருக்கே அம்மை குத்தச் செய்தார் அரசி. அதே ஆண்டு சித்திரையில்தான், ஆண் வாரிசுக்கு ஏங்கிய அரண்மனையில் சுவாதித் திருநாள் பிறந்திருந்தார். பரம்பரையே ஒரு தொட்டிலில் கிடந்த நேரம்! திட்டம் மன்றோவுடையது, அரசி தலையசைத்தார் என்று சிலர் கூறலாம். திட்டம் அவருடையதாகவே இருக்கட்டும். திவான் ஆணைகளில் கையெழுத்திடலாம். அந்தப்புரத்தில் கைகளை நீட்டச் செய்ய அரசியால்தான் முடியும் என்பது என் எண்ணம்.

1814இல் இரண்டாம் மகன் உத்திரம் திருநாள் பிறந்தார். அதன்பின் அரசியின் உடல்நலம் தேறவேயில்லை. 1815இல், இருபத்து நான்கு வயதளவில் மறைந்தார். தங்கை கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பேற்றார். மேலைநாட்டு மருத்துவத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவராக வளர்ந்த உத்திரம் திருநாள்தான், 1855இல் அன்னை அரைகுறையாக விட்ட அடிமை ஒழிப்பை நிறைவேற்றியவர்.

அரண்மனை வழிகாட்டியும் மக்கள் எளிதில் முன்வந்துவிடவில்லை. 1879இல் அரசு ஊழியர், கைதிகள், மாணவர் ஆகியோருக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கி அரச விளம்பரம் வெளியிட வேண்டியிருந்தது. மாணவரைக் கைதிகளோடு சேர்த்தது ஏனோ!

கொரோனாவைப் பெரியம்மையோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. அது வந்து போனபின் கிடைக்கும் எதிர்ப்பும் மெய்யே. ஆனால் அது வாழ்நாள் காப்பு அன்று. கிருமி உருமாறி வந்தபோது நோய் கண்டவரையே மீண்டும் பற்றியது. 2021 ஜனவரி 16இல் இந்தியாவில் தொடங்கிய ஊசியும் தொற்றை முற்றிலும் தடுக்கவில்லை. கடும் நோயையும் சாவையும் பெரிதும் குறைத்தது. நோயும் கண்டு ஊசியும் போட்டவர்களுக்கு எதிர்ப்பு மிகுதி என்றும் ஆய்வுகள் காட்டின. அதற்காக நோயைத் தேடிப் போகச் சொன்ன மருத்துவர் எவருமில்லை.

பெரியம்மையோ 1975இல் இந்தியாவை விட்டு அகன்றது. 1980இல் உலகிலேயே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிறகு அம்மை குத்துவதும் நின்றது. இன்று நம் கைகளில் காணும் சிறு தழும்பு காசநோய்த் தடுப்பூசியினுடையது. பாட்டியின் தழும்பு நமக்கு வேண்டியிருக்கவில்லை.