குழந்தைகளுக்கு வீடு கொடுத்த அம்மாள்

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் குடியிருந்த பகுதி. ஒரு கட்டடக் கம்பெனியார் அங்கிருந்த அடுக்கு வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தனர். தாய் தகப்பன் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயதாகாத பிள்ளைகள் மாடிப்படிகளில் திரிந்து, சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் கம்பெனியார் அக்கட்டடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி, மரியா மொந்தெஸ்ஸோரி அம்மாளை அழைத்தார்கள். சுவரை நினைத்தவர்களுக்குச் சர்வேசுரன் பிள்ளைகளைக் காட்டினார்!

அம்மாள் 1870 ஆகஸ்டு 31-ல் இத்தாலியில் கியாராவல்லெ ஊரில் பிறந்தவர். 1896-ல் வைத்தியப் பட்டம் பெற்றவர். 1907 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, சுமார் 50 பிள்ளைகளோடு அந்த அறை திறக்கப்பட்டது. அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர். பள்ளிக்கூடம் என்று பெயரிடாததைக் கவனியுங்கள். பிள்ளைகளைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், தாய்மார் வாரம் ஒருமுறையாவது வந்து பேச வேண்டும் என்று பெற்றோருக்கும் சட்டம் இருந்தது.

அங்கே மேசை நாற்காலிகள் பிள்ளைகளே தூக்கக்கூடிய அளவில் செய்யப்பட்டன. கை கழுவும் இடமும் அவர்கள் உயரத்துக்கே அமைந்தது. விளையாட்டுக் கருவிகள் மட்டும் முதலில் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஒருநாள் உபாத்தியாயினி பூட்ட மறந்து, தாமதமாக வந்தாள். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்! அன்றுமுதல் பூட்டுள்ள பெரிய அலமாரி போய், தாழ்ந்த அலமாரிகள் வந்தன. விலையுயர்ந்த பொம்மைகளைப் பிள்ளைகள் தொடவே இல்லை. பெருக்குவதும் சாப்பாடு பரிமாறுவதும் அவர்களுக்கு அதைவிடப் பிரியமாயிருந்தன. உடையக்கூடிய பீங்கான் தட்டையே அம்மாள் அவர்கள் கையில் கொடுத்தார். உடையும் என்று தெரிந்தால்தானே கை நிதானிக்கும்?

பிரியமானவர்களே, நம் குவார்ட்டர்ஸ் வீடுகளும் ஒரு கம்பெனி தொழிலாளருக்குக் கட்டியவையே. அநேக வீடுகளில் பொம்மை ஷோகேஸ் கண்ணாடிக்குள் இருக்கிறது. பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. பெரிய வீடு தேவையில்லை. ஜன்னலோரம் ஒரு பாய், எட்டும் உயரத்தில் ஒரு பலகை, ஒரு சிறு துடைப்பம் போதும். மாதாவின் படம் ஒன்றையும் பிள்ளையின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். அம்மாளும் பார்சலோனா நகரில் பிள்ளைகளுக்கென்றே சிறு ஜெபக்கூடம் அமைத்து, அப்பத்துக்குக் கோதுமையையும் இரசத்துக்குத் திராட்சையையும் அவர்களையே பயிரிடச் செய்தார்.

1939-ல், 69-ம் வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையார். அதனால் சிலர் முகம் சுளித்ததுண்டு. அழைத்தவர் யாரானாலும் பிள்ளைகள் பிள்ளைகளே. ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, மகன் மாரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அம்மாளின் 70-ம் பிறந்தநாளில்தான் விடுவித்தது. பிறகு கோடைக்கானலில் வாசம். இலையும் பூவும் பூச்சியுமே அங்குப் பாடம்.

யுத்தம் முடிந்து 1946-ல் ஐரோப்பா திரும்பினார். பின்னும் இந்தியாவுக்கு வந்துபோனார். 1952 மே 6-ல் ஹாலந்து தேசத்தில் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் மரித்து, அங்கேயே கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.