அருளின் மறைவல்லுநர் புனித அகுஸ்தீனார்

மனிதன் நல்லவனாவது தன் முயற்சியாலா, இறைவனின் அருளாலா? இக்கேள்விக்குப் புனித அகுஸ்தீனார் ஏட்டில் விடை எழுதுமுன் தம் வாழ்விலேயே விடை கண்டார்.

இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தாய் புனித மோனிக்கம்மாள் கண்ணீரோடு செபித்துவர, மகனோ கார்த்தேஜ் நகரில் மணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஒரு மகனுக்குத் தந்தையானார். மானிக்கேயர் கொள்கையிலும் சிக்கினார். பாவம் செய்வது நாமல்ல, நமக்குள் இருக்கும் வேறோர் இயல்பே என்று அக்கொள்கை கூறியது அவருக்கு வசதியாயிருந்தது.

மிலான் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் அவருடைய அறிவைத் தெளிவித்தன. அறிவு தெளிந்தும் பழக்கம் விடவில்லை. திருந்த விரும்பினார்; முடியவில்லை. 386இல் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசிக்கச் சொல்லும் குழந்தைக் குரல் கேட்டு, புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்தார். சில வரிகள் படித்ததும் தயக்கம் அகன்றது. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் பெற்றார். 391இல் ஹிப்போ நகரில் குருவாகி, சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயரானார்.

அக்காலத்தில் பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாஜியுஸ் என்னும் துறவி உரோமையில் போதித்து வந்தார், ஒழுக்கசீலர். கட்டளை தரும் இறைவனே அதைக் கடைப்பிடிக்கும் வலிமையையும் தரவேண்டும் என்று அகுஸ்தீனார் எழுதியிருந்ததைக் கேட்டுச் சினந்தார். இப்படிப் போதித்தால் மக்கள் சோம்பிவிடுவர் என அஞ்சினார். இறைவன் தந்த சுதந்திரத்தைக்கொண்டு மனிதன் பாவமின்றி வாழ முடியும் என்பது அவர் வாதம். அகுஸ்தீனார் அதை மறுத்தார். ஆதாமின் பாவத்தால் மனித மனம் காயப்பட்டிருக்கிறது. காயப்பட்டவனுக்கு அறிவுரை மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும் என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தனர்.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. எல்லாம் அருளே என்றால், தவறு செய்பவனைக் கண்டிப்பானேன், அவனுக்காகச் செபித்தால் போதாதா என்று ஹத்ருமேத்தும் மடத்துத் துறவிகள் சிலர் கேட்டனர். எழுபதைக் கடந்த ஆயர் அவர்களுக்காக இரு நூல்கள் எழுதினார். அருள் நம் சுதந்திரத்தை அழிப்பதில்லை, குணமாக்குகிறது. கண்டிப்பும் அருளின் கைக்கருவியே என விளக்கினார். முன்குறிப்பைப் பற்றி அவர் எழுதிய அனைத்தையும் திருச்சபை தன் போதனையாக்கவில்லை. ஆயினும் அருளே முந்துகிறது என்பதை 529இல் ஒராஞ்சு சங்கம் உறுதிப்படுத்தியது. இறைவன் எவரையும் தீமைக்கென்று குறித்துவைத்தார் என்பதையும் கண்டித்தது.

430இல் வாண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தது. நோயுற்றுக் கிடந்த அகுஸ்தீனார் தவச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் செய்து, கண்ணீர் வடித்தபடி அவற்றை வாசித்தார். ஆகஸ்டு 28இல் உயிர்நீத்தார். அருளை அத்தனை போற்றியவர் கடைசி நாள்வரை மனந்திரும்புதலை விடவில்லை.

அன்புள்ள இறைமக்களே, தம் பக்தியைத் தம் சாமர்த்தியம் என எண்ணுவோர் நம்மிடையே உண்டு. குடியையும் பகையையும் விட என்னால் ஆகாது சாமி என்று கையை விரிப்போரும் உண்டு. முன்னவர் நன்றி சொல்லக் கற்கட்டும். பின்னவர் கேட்கக் கற்கட்டும். நாம் கேட்பதும்கூட அருள் நம்மைத் தொட்டுவிட்டதன் அடையாளமே.